நடப்போர் பாதையிற் காருக்கு என்ன வேலை?

அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருவீதியில், மழைக்காலத்துக் காலை ஆறரை மணிக்கு ஒருமுறை நின்று பாருங்கள். மூடுபனி கலைந்திராது. வளைவுக்கு அப்பால் வரும் வாகனத்தின் இரைச்சல் முதலிற் கேட்கும். பின்னர் அதன் விளக்கொளி மங்கலாகப் படும். வாகனம் கடைசியாகத்தான் கண்ணுக்குப் புலப்படும். அவ்வளைவின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் கானுக்கும் இடையே எஞ்சிய ஒரு முழ அகலத்தில், வெண்சீருடை அணிந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நடந்து செல்வர். எதிரே, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய தாய்மார் மலைக்குச் செல்வர். இரு சாராரும் சந்திக்கும் இடத்தில் ஒரு சாரார் கானுக்குள் இறங்க வேண்டும், அல்லது வீதிக்குள் ஏற வேண்டும். எவர் எதைச் செய்தாலும் வாகனம் மட்டும் தன் வழியிலிருந்து விலகுவதில்லை.

வீதி யாருக்குரியது என்ற கேள்விக்கு அந்த ஒரு முழமே விடை சொல்கிறது.

நகரங்களுக்குள் நுழைந்தால் நிலைமை திருந்தும் என்று எண்ணலாம். அங்கே நடைபாதை உண்டு. கல் பதித்த இடமும் உண்டு. வெறுங் கோடு கீறிய இடமும் உண்டு. ஆயினும் அப்பாதையில் நடப்பவரைக் காண்பது அரிது. அங்கே கார் நிற்கிறது, வான் நிற்கிறது, அவற்றைச் சுற்றிக்கொண்டு மனிதர் வீதியில் நடக்கின்றனர். நடப்பதற்கென்று போட்ட பாதையில் வாகனமும், வாகனத்துக்கென்று போட்ட பாதையில் மனிதரும் இருக்கும் இந்தத் தலைகீழ் ஒழுங்கை நாம் நாள்தோறும் கண்டு பழகிவிட்டோம். பழகிவிட்டதே எமது முதற் குற்றம்.

எமது பாடசாலை மாணவி ஒருத்தி, தரம் எட்டிற் பயில்பவள், இத்தகைய ஒரு நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். வழியை அடைத்து ஒரு கார் நின்றது. அதைச் சுற்றிச் செல்ல வீதியில் இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸின் பக்கம் அவளை உரசித் தள்ளிற்று. உயிர் பிழைத்தது, வலது கை முறிந்தது. அந்தத் தவணைப் பரீட்சையை அவள் எழுதவில்லை. காருக்குரியவர் எதிரிலுள்ள கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். "ஐந்து நிமிடந்தானே நிறுத்தினேன்" என்றார். அவரைத் தீயவர் என்று நாம் கூற வரவில்லை. பிள்ளைக்கு வைத்தியச் செலவும் கொடுக்க முன்வந்தார். அவர் நல்லவராயிருந்தும் இது நிகழ்ந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. ஒரு குழந்தையின் பாதுகாப்பு, முன்பின் அறியாத ஒருவரின் நல்லெண்ணத்தில் தொங்குமாயின் அது பாதுகாப்பாகாது. அந்தக் காலையில் அந்த இடத்திற் கார் நுழையவே முடியாதபடி ஒரு குத்துக்கல் நின்றிருந்தால், அவரது நல்லெண்ணமும் தேவைப்பட்டிராது. அவள் கையும் முறிந்திராது.

இந்த வழக்கு எமது மலைநாட்டில் மட்டும் நடப்பதன்று. உலகத்துப் பெருநகரங்கள் பலவற்றில், துவிச்சக்கர வண்டிக்கெனப் பிரித்த பாதையிற் காரைப் புகவிடாமற் காப்பது எப்படி என்ற போராட்டம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. எமது ஏற்ற இறக்கங்களில் துவிச்சக்கர வண்டி அருமையாகவே ஓடும். நுவரெலியாவில் கிரகரி வாவியின் ஓரத்தில் உல்லாசப் பயணிகள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதைக் காணலாம். லயத்துப் பிள்ளைக்கு வாகனம் அவளது கால்களே. ஆகவே அங்கே சைக்கிள் பாதை எதுவோ, இங்கே நடைபாதை அது. பறிப்பவரும் ஒருவரே: நான்கு சக்கரத்தில் வருபவர். இதனால் அங்குள்ளோர் பெற்ற அனுபவம் எமக்கும் பாடமாகும்.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்வோம். சைக்கிளின் நாடு என்று இன்று போற்றப்படும் அந்நாட்டில், 1971 ஆம் ஆண்டில் மட்டும் வீதி விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தன் மகளை இவ்வாறு இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹோஃப், 1972 இல் "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரை ஓர் இயக்கத்துக்குப் பெயராயிற்று. பெற்றோரும் பிள்ளைகளும் வீதிகளை மறித்தனர். 1973 இன் எண்ணெய் நெருக்கடி அவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. கார் செல்லும் தடத்திலிருந்து பிரித்துக் கட்டிய பாதைகள் இந்தக் கிளர்ச்சியின் பயனாகவே பெருகின. அம்மக்கள் இயல்பிலேயே சைக்கிளை விரும்புபவர்கள் என்று சொல்லிக் கடந்துபோவோர் இந்த வரலாற்றை மறைக்கிறார்கள்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1998 முதல் 2000 வரை மேயராயிருந்த என்ரிக்கே பெனலோசா, நடைபாதைகளில் நின்ற கார்களை அகற்றி, மீண்டும் ஏறாதபடி குத்துத்தூண்களை நட்டார். நகரமெங்கும் சைக்கிள் பாதைகளையும் அமைத்தார். கார் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். அவரைப் பதவியிலிருந்தே இறக்க முயன்றனர். காருக்கு நடைபாதையில் இடமில்லை என்ற எளிய உண்மையைக் கல்லில் நட்டதுதான் அவர் செய்த பெருங்குற்றம்!

தோல்வியின் பாடத்தையும் மறைக்கலாகாது. தில்லியில் 2008 இல், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளத்துக்குப் பஸ்ஸுக்குத் தனித்தடமும், சைக்கிளுக்குத் தனிப்பாதையும், நடப்போருக்கு நடைபாதையும் அமைத்தார்கள். சைக்கிள் பாதையில் மோட்டார்ச் சைக்கிள்கள் புகுந்தன. பஸ் தடத்திற் கார்களையும் விட வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டார்கள். 2012 இல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. வழக்கில் தோற்றவர்கள் அரசியலில் வென்றார்கள். 2016 இல் அத்தடம் இடித்து அகற்றப்பட்டது. பஸ்ஸில் நெருங்கி நின்று சென்ற ஆயிரமாயிரம் பேரின் குரலைக் காட்டிலும், காரிலிருந்து எழுந்த ஊதுகுழல் ஒலியே அதிகாரத்தின் காதில் விழுந்தது.

தமிழகத்தின் சென்னை மாநகராட்சி 2014 இல், நடப்போரையும் சைக்கிளோட்டிகளையும் முதன்மைப்படுத்தும் போக்குவரத்துக் கொள்கையொன்றை ஏற்றது. 2019 இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அங்கே கல்லும் தூணும் நின்று காத்த இடத்தில் மனிதர் நடந்தனர். காவலற்ற தெருக்களிலோ கொள்கை தாளில் இருந்தது. மோட்டார்ச் சைக்கிள் நடைபாதையில் ஏறிற்று.

இவ்வனைத்தும் ஒன்றையே கூறுகின்றன. கார் புகக்கூடிய பாதை, நடப்போர் பாதை ஆகாது. வெள்ளைக் கோடு ஒரு வேண்டுகோள். விளிம்புக்கல் ஒரு தீர்ப்பு. கோப்பன்கேகன் நகரில் சைக்கிள் பாதையை ஒரு கல்விளிம்பின் உயரத்துக்கு உயர்த்திக் கட்டியிருப்பது அழகுக்காக அன்று.

இனி எமது மண்ணுக்கு வருவோம். இந்த மலைநாட்டு வீதிகளை உண்டாக்கியவர் யார்? கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வீதி வெட்டியபோது கல்லுடைத்த கைகள் யாருடையவை? மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாக வந்த தென்னிந்தியத் தொழிலாளர், வழியெங்கும் தம் உறவினரைப் புதைத்துக்கொண்டு இம்மலைகளை அடைந்தனர். சிங்கள விவசாயிக்கும் அந்த நுகம் உண்டு. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், ஆண்டுக்கு 6 நாள் வீதியில் உழைக்க வேண்டும் அல்லது 3 சிலிங் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. அவ்வாண்டில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். ஆக, இவ்வீதியின் அடியில் இரு மொழி பேசிய ஏழைகளின் வியர்வையும் கலந்து கிடக்கிறது. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1948 இல், வீதியமைத்தவரின் பேரப்பிள்ளைகளிடமிருந்து குடியுரிமையைப் பறித்தார்கள். அந்த உரிமை நெடும் போராட்டத்தின் பின் மீண்டது. வீதியின் ஓரத்தில் ஒரு முழத்துக்கான உரிமை மட்டும் இன்னும் மீளவில்லை.

துரையின் குதிரை வந்தால் தொழிலாளி பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது எமது பாட்டன்மார் சொல்லிச் சென்ற செய்தி. குதிரை போயிற்று, துரையும் கப்பலேறினான். நாம் இன்னும் கானுக்குள் இறங்கி நிற்கிறோம்.

தோட்டத்துக்குள் செல்லும் கரத்தை றோட்டுகளின் கதை இதனினும் கொடிது. அவை தோட்ட நிர்வாகத்தின் சொத்து என்ற காரணத்தைக் காட்டி, பிரதேச சபைகள் அவற்றில் ஒரு சதமும் செலவிட முடியாதிருந்தது. 2018 இற் செய்த சட்டத் திருத்தத்தின் பின்னரே அத்தடை நீங்கிற்று. அதாவது, வாக்குரிமை பெற்ற பிறகும் பல பத்தாண்டுகள், தம் வாக்கினால் அமைந்த சபையிடம் தம் வாசற் பாதையைக் கேட்கும் தகுதி எம்மவர்க்கு இருக்கவில்லை.

"வீதியிற் காரைத் தடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது" என்பாரும் உளர். அவர்கள் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு வரட்டும். வசந்தகாலக் கொண்டாட்டத்தில் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வீதியில், 1930களிலிருந்து பெயர்பெற்ற மலையேற்றக் கார்ப்பந்தயம் நடைபெறும். அந்நாளில் அவ்வீதியை அடைக்கிறார்கள், தடுப்புகள் போடுகிறார்கள், காவலர் நிற்கிறார்கள், வேறெவரும் நுழைய முடியாது. காரின் விளையாட்டுக்காகத் தோட்டத்து வீதியை அடைக்கத் தெரிந்த கைகளுக்கு, பிள்ளையின் உயிருக்காக ஒரு நடைபாதையை அடைக்கத் தெரியாதா? இயலாமை இங்கு இல்லை; மனமின்மையே உண்டு.

எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: மலைநாட்டு வீதி ஒடுங்கியது, இடமில்லை. ஒரு கார் நிற்பதற்கு ஏறத்தாழ 5 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் வேண்டும். அவ்விடத்தில் இருபது பிள்ளைகள் தாராளமாக நிற்கலாம். வெறுங் காருக்கு இடமுண்டு, இருபது உயிருக்கு இடமில்லை என்பது அளவையியலா, அரசியலா? நகருக்கு வெளியே உண்மையாகவே இடம் குறைவு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வீதி நெடுகிலும் கான் ஓடுகிறதே! அதன்மேற் கொங்கிரீட் பலகை பதித்து, விளிம்புக்கல் வைத்தால், மலையைக் குடையாமலே ஒரு நடைபாதை கிடைக்கும். அதுவும் இயலாத வளைவுகளில் வாகனத்தின் வேகத்தைக் குறைக்கட்டும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகம் கற்கும் மாணவர் அறிவர்.

இரண்டாவது: உல்லாசப் பயணம் கெடும். டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளைக் காண வருபவர் வரட்டும். அழகைக் கண்டு களிக்கும் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் படம் பிடிக்கும் பசுமையிற் கொழுந்து கிள்ளுபவள், அவரது காருக்கு அஞ்சிக் கானுக்குள் நிற்க வேண்டியதில்லை. 2024 இல் அவளது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் அவள் கார் வாங்கி வீதியின் நடுவுக்கு வரப்போவதில்லை, ஓரத்திலேயே நடக்கப்போகிறாள். அந்த ஓரத்தையாவது அவளுக்கு விடுங்கள்.

மூன்றாவது: அபராதம் விதித்தாற் போதும். போதாது. அபராதம் ஏழைக்குத் தண்டனை. செல்வனுக்கு அது வாகனம் நிறுத்தும் கட்டணம். பொலிஸ்காரர் ஆள் பார்ப்பார். அமைச்சரின் வாகனம் எதுவென்று அறிவார். குத்துக்கல் ஆள் பார்ப்பதில்லை.

நான்காவது வாதம் எம்மவரிடமிருந்தே வருகிறது. ஆதலால் அதை மதித்தே விடை கூற வேண்டும். முச்சக்கர வண்டியும் வானும் ஓட்டிப் பிழைப்பவர் பலர் தோட்டத் தொழிலாளியின் புதல்வரே. நடைபாதை ஓரத்தை அடைத்தால் அவர்கள் எங்கே நிற்பது? நியாயமான கேள்வி. நகர சபை அவர்களுக்கெனத் தரிப்பிடம் ஒதுக்க வேண்டும். அதையும் நாமே முன்னின்று கேட்க வேண்டும். ஆனால் தரிப்பிடம் தராத சபையின் பிழைக்கு, தோழரே, உம் தங்கை நடக்கும் பாதையை ஈடாகக் கொள்ளாதீர். நோயாளர் வண்டிக்கு வழி எப்போதும் இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. குத்துக்கல்லால் தடைபடுவது நோயாளர் வண்டியன்று. அதன் வழியை மறிப்பதும் ஓரத்தில் நிற்கும் கார்தான்.

பெரும் விபத்துகள் செய்தியாகின்றன. 2023 ஜனவரியில் நானுஓயாவில் 7 பேர் மாண்டபோதும், 2025 மே மாதத்திற் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் மாண்டபோதும் நாடே கலங்கிற்று. வீதியோரத்தில் ஒருவர் ஒருவராக மாளும் பாதசாரிகளுக்கு அந்தக் கலக்கம் கிடைப்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீதிகளில் உயிரிழக்கின்றனர் என்றும், அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நடப்பவரும் சைக்கிளோட்டிகளும் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளுமே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடலைச் சுற்றி இரும்புக்கூடு இல்லாதவரே பெரும்பாலும் மடிகின்றனர்.

இதை இன்று எழுதுவதற்குக் காரணமுண்டு. 2022 இன் எரிபொருட் பஞ்சத்தில் நாடு கால்களை நினைவுகூர்ந்தது. 1990களில் எரிபொருள் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் போல, தென்னிலங்கையாரும் துவிச்சக்கர வண்டியைத் தேடினர். அந்தப் பாடம் விரைவில் மறந்துபோயிற்று. 2020 இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைகள் சரிந்து வீதிகள் அறுந்தன. அறுந்த வீதியிற் கார் ஓடவில்லை; நோயாளியைத் தோளிற் சுமந்த மனிதன் நடந்தான். அறுந்த வீதிகளை மீளக் கட்டும்போது, வாகனத்துக்கு மட்டுமே கட்டுவார்களாயின், அடுத்த ஐம்பதாண்டுகளுக்கு எமது பிள்ளைகள் கானுக்குள்தான் நடப்பர். இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

ஆகவே நாம் கோருவன இவை. அட்டன்–டிக்கோயா நகர சபையும், நுவரெலியா மாநகர சபையும், அயற் சபைகளும் தத்தம் நடைபாதைகளின் ஓரத்தே, சக்கர நாற்காலி நுழையவும் கார் நுழையாதிருக்கவும் தக்க இடைவெளியிற் குத்துக்கற்களை நட வேண்டும். பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் அதன் வாயிலை ஒட்டிய வீதித் துண்டில் தனியார் கார் புகலாகாது. மீளக் கட்டும் ஒவ்வொரு வீதியிலும் மூடிய கானும் விளிம்புக்கல்லும் கொண்ட நடைபாதை இருக்க வேண்டுமென்று வீதி அபிவிருத்தி அதிகாரசபை விதி செய்ய வேண்டும். தோட்டத்துக் குறுக்குப் பாதைகளுக்குப் படியும் கைப்பிடியும் பிரதேச சபைகள் அமைக்க வேண்டும். சட்டத்தடை நீங்கியபின் சாக்குக்கு இடமில்லை.

ஆசிரிய நண்பர்களே, கவனமாக நடவுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதோடு எமது கடமை முடிந்துவிட்டதாக எண்ணினோம். விபத்து நேர்ந்தாற் பிள்ளையின் கவனக்குறைவு என்று எழுதும் பேனாவுக்கு நாமே மை ஊற்றினோம். இனி வேறு பாடம் நடத்துவோம். கணித வகுப்பிலே பாடசாலை வீதியின் அகலத்தை அளக்கச் செய்வோம். காலை ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடந்தனர், எத்தனை பேர் காரிற் சென்றனர் என்று எண்ணச் செய்வோம். நடைபாதையில் நின்ற வாகனங்களைக் குறித்து வைப்போம். 2025 மே மாதத் தேர்தலில் வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி வந்தவர்கள் இன்று சபைகளில் அமர்ந்திருக்கின்றனர். அந்தக் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அவர்கள் மேசையில் வைப்போம். மாணவத் தோழர்களே, நீங்கள் எண்ணிய எண்ணிக்கையை மறுக்க எந்தத் தலைவராலும் முடியாது.

குத்துக்கல் நட வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. இம்மலைகளிற் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. தேயிலைச் சரிவெங்கும் மண் சரியாதபடி கல்கட்டுக் கட்டிய கைகளும் இங்கேதான் இருக்கின்றன. கை முறிந்த அந்த மாணவி கட்டவிழ்ந்து மீண்டும் பாடசாலைக்கு வருகிறாள். அதே வழியிலேதான் நடந்து வருகிறாள். அந்த இடத்தில் இன்னமும் கல் நடப்படவில்லை. நேற்றுக் காலையும் அங்கே ஒரு கார் நின்றது.